சீர்மையும் சிதைவும்: பழவேற்காட்டு மீனவர் வழக்குப் பதிவுகளில் வடிவவழித் தேடி மாற்றும் முறை – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கள ஆய்வில் திரட்டப்பெறும் வாய்மொழிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றும்போது, எழுத்துமுறை, இடைவெளி, நிறுத்தற்குறி ஆகியவற்றை ஒருமைப்படுத்த வடிவவழித் தேடி மாற்றும் முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. ஒரு சொல்லையன்றி, சொற்கள் அமையும் பாங்கைக் கொடுத்துத் தேடி மாற்றும் இம்முறையைக் கணினியாளர் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என வழங்குவர். எழுத்துத் தமிழுக்கு ஏறத்தாழத் தீங்கற்ற விதிகள் பேச்சுத் தமிழ்ப் பதிவுகளில் சான்றையே மாற்றிவிடுகின்றன என்பதைப் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் வழக்குச் சொற்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வடிவச் சீர்மை, குறியேற்றச் சீர்மை, சொல்லெழுத்துச் சீர்மை ஆகிய மூன்றையும் ஒரே செயலாகக் கருதும் போக்கே இதற்குக் காரணம் என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, மீனவர் வழக்கு, பாடு, வடிவவழித் தேடல், ஒருங்குறி, பாடபேதம், பதிப்பு நெறி

முன்னுரை

அண்மைக் காலத்தில் வெளிவரும் வட்டார வழக்குத் தொகுப்புகளிலும் ஆய்வேடுகளிலும் ‘தரவுகள் கணினிவழிச் சீர்மை செய்யப்பட்டன’ என்னும் ஒற்றைத் தொடரைக் காண முடிகிறது. எவ்வெவ் விதிகள், எந்த வரிசையில், எந்த மென்பொருளைக் கொண்டு இயக்கப்பட்டன என்பதை அத்தொடர் சொல்வதில்லை. ஓலைச்சுவடியிலிருந்து பதிப்பித்த ஒருவர் ‘பிழைகள் திருத்தப்பட்டன’ என்று மட்டும் எழுதி, பாடபேதம் எதனையும் தராமல் நூலை வெளியிட்டிருந்தால் அதனை நாம் ஏற்றிருக்க மாட்டோம். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர் வழியில் வந்த பதிப்பு மரபு, வேறுபாடங்களைக் காட்டுவதைப் பதிப்பாசிரியரின் கடமையாக்கியது. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் இராது. ஆகவே ஒவ்வொரு சொல்லும் பதிப்பாசிரியரின் தீர்ப்பாகவே இருந்தது. அத்தகைய தீர்ப்புகளை நூற்றுக்கணக்கில் ஒரு நொடியில் எடுத்துவிடும் கருவி இன்று ஆய்வாளர் கையில் உள்ளது. தீர்ப்பின் சுவடுதான் எஞ்சுவதில்லை.

இச்சிக்கலை ஆராயப் பழவேற்காடு ஏற்ற களமாகும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய துறைமுகம் இது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லை நிலம். ஏரிநீரை முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ என்னும் உள்ளூர் ஏற்பாட்டின் பொருட்டு மீன்வள ஆய்வாளர், மானிடவியலாளர் எனப் பலரும் வந்து பதிவுசெய்த இடமும் ஆகும். இங்கு ஒரு சொல்லின் எழுத்து மாறினால், சில வேளைகளில் ஓர் உரிமையின் பெயரும் மாறுகிறது.

ஊர்ப்பெயரும் ஒரு விதியும்

முதற்சிக்கல் ஊரின் பெயரிலேயே தொடங்குகிறது. பழவேற்காடு, பழைவேற்காடு, பழவேர்க்காடு, பழவேர்காடு எனப் பல வடிவங்கள் எழுத்தில் உள்ளன. வட தமிழகப் பேச்சில் ழகரம் யகரமாகும் இயல்புக்கேற்பப் ‘பயவேற்காடு’ என்பதும் செவியில் விழும். ஆய்வாளர் ஒருவர் ‘வேர்’ என்பதன் பின் ககர ஒற்று வந்தாலும் வராவிட்டாலும் ‘காடு’ தொடருமானால் ‘வேற்காடு’ என மாற்றுக என்று ஒரு விதி எழுதுகிறார் எனக் கொள்வோம். அட்டவணை அழகாக அமையும். எனினும் இது எழுத்துப்பிழை திருத்தம் மட்டும் அன்று. வேல் என்பது காடு என்பதனோடு புணர்ந்து வேற்காடு ஆவது லகரம் றகரமாகும் புணர்ச்சி. வேல் இங்கே மரப்பெயர். வேர் என்பதனோடு காடு புணர்ந்தால் வேர்க்காடு. ஆக, வேர்க்காடு என்று எழுதியவர் பிழைபட எழுதியிருக்கலாம். ஊர்ப்பெயருக்குத் தாம் கேட்டறிந்த வேறொரு விளக்கத்தை எழுத்தில் காட்டியும் இருக்கலாம். ஊர்ப்பெயராய்வில் மக்கள் தரும் பெயர்விளக்கமும் தரவே. விதி அந்தத் தரவைத் துடைத்துவிடுகிறது.

‘பய’ என வருவதைப் ‘பழ’ ஆக்கும் விதியை எவரும் எழுத மாட்டார் என்று எண்ணலாம். ஊர்ப்பெயரை மட்டும் நோக்கி எழுதப்பட்ட விதி, எல்லை குறிக்கப்படாமையால் பயன், பயணம், பயிர் ஆகியவற்றைப் பழன், பழணம், பழிர் ஆக்கிவிடும். இது கண்ணுக்குத் தெரியும் பிழை. மெய்ப்புத் திருத்தத்தில் அகப்பட்டுவிடும். அச்சத்துக்குரியவை கண்ணுக்குத் தெரியாத பிழைகளே. கோட்டைக்குப்பம் அத்தகைய ஒன்று. பழவேற்காட்டை ஒட்டிய இம்மீனவர் ஊர் கோட்டைகுப்பம் என ஒற்று மிகாமலும் எழுதப்படுகிறது. இவ்வடிவங்களை ஒன்றாக்கும் விதி ஐகாரம் குறைந்த வடிவத்தையும் அணைத்துக்கொண்டால், விழுப்புரம் மாவட்டத்தில் புதுச்சேரியை அடுத்துள்ள கோட்டக்குப்பமும் பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். கிழக்குக் கடற்கரை முழுவதையும் தழுவும் தொகுப்பில் இக்கலப்பு நேர்ந்தால், சொல் ஒவ்வொன்றும் சரியாகவே எழுதப்பட்டிருக்கும். இடம் மட்டும் தவறியிருக்கும்.

சமூகப் பெயரிலும் இதே நிலை. கோரமண்டல மீனவரின் கடலுரிமை பற்றி விரிவாக எழுதிய மார்ட்டன் பாவிங்க் போன்றோரின் ஆய்வுகளில் பட்டினவர் என்னும் வடிவம் நிலைபெற்றுள்ளது. தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலோ மீனவர் என்னும் தலைப்பின்கீழ்ப் பட்டணவர் என்றே காணப்படுகிறது. பட்டினம், பட்டணம் என்னும் இரண்டும் தமிழில் தொன்றுதொட்டு வழங்குவன. ஒரு நேர்காணலில் ஒருவர் எவ்வடிவத்தைச் சொன்னார் என்பது, அவர் சான்றிதழை நினைத்துப் பேசினாரா, ஊர் வழக்கை நினைத்துப் பேசினாரா என்பதைக்கூடக் காட்டலாம். ஒருமைப்படுத்திய பின் அக்கேள்வியை எழுப்பவே இயலாது.

‘பாடு’ என்னும் சொல்லைத் தேடுதல்

பழவேற்காட்டு ஆய்வின் மையச்சொல் பாடு. ஏரியின் குறிப்பிட்ட நீர்ப்பரப்பில் இன்னார் இன்ன நாளில் வலை கட்டலாம் என்னும் முறைவைப்பு அது. பழைய மீனவர் ஊர்களின் உறுப்பினருக்கே அம்முறையில் இடமுண்டு. ஆகவே இப்பதிவுகளைக் கையாளும் எவரும் முதலில் தேடும் சொல் இதுவாகவே இருக்கும். அத்தேடல் எளிதன்று.

பாடு என்று வெறுமனே தேடினால் ஏற்பாடு, வழிபாடு, பண்பாடு, கோட்பாடு, மேம்பாடு என யாவும் வந்து குவியும். அவற்றுள் கட்டுப்பாடு மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தின் விதியைக் குறிக்கும் சொல் ஆதலால் அதனை விலக்கவும் மனம் வராது. பாடு என்பதோடு சேர்த்து எண்ணவும் கூடாது. மீன்பாடு என்பது பிடிபட்ட மீனின் அளவு. ‘படாத பாடு’, ‘அவரவர் பாடு’ ஆகியவை வேறு. இவற்றைப் பிரிக்க ஆய்வாளர் சொல்லெல்லைக் குறியைப் பயன்படுத்துவார். தனிச்சொல்லாக நிற்கும் பாடு மட்டும் வேண்டும் என்பது அதன் கருத்து.

இங்குதான் கருவியின் இயல்பு குறுக்கிடுகிறது. ஒருங்குறியில் அகரமேறிய மெய் எழுத்து வகையைச் சார்ந்தது. உயிர்க்குறிகளும் புள்ளியும் சேர்குறி வகையைச் சார்ந்தவை. பைத்தான் மொழியுடன் வரும் இயல்பான தேடற்கூறு எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது, சேர்குறிகளைக் கொள்வதில்லை. ஆகவே பாடு என்பதன் ஈற்றிலுள்ள உகரக்குறி அதற்குச் சொல்லின் உறுப்பன்று. அதன்பின் வரும் இடைவெளியும் சொல்லின் உறுப்பன்று. உறுப்பல்லாத இரண்டுக்கிடையே எல்லை இல்லை. எனவே தனித்து நிற்கும் பாடு அகப்படுவதில்லை. மாறாகக் ‘கட்டுப்பாடுகள்’ என்பதில் பகர ஒற்றின் புள்ளிக்கும் அடுத்த பகரத்துக்கும் இடையே ஓர் எல்லையும், டுகரத்தின் உகரக்குறிக்கும் ககரத்துக்கும் இடையே மற்றோர் எல்லையும் இருப்பதாக அது கருதும். விளைவு: வேண்டிய பாடு விடுபட்டு, வேண்டாத கட்டுப்பாடுகளின் உள்ளிருந்து பாடு உருவியெடுக்கப்படுகிறது. ஜாவாஸ்கிரிப்டிலோ சொல்லெல்லைக் குறி ஆங்கில எழுத்தை மட்டுமே அறியும். தமிழ்ச் சொல்லுக்கும் இடைவெளிக்கும் நடுவே அதற்கு எல்லையே தோன்றாது. லிப்ரெஆபிஸ் பயன்படுத்தும் ஐ.சி.யூ. நூலகம் சேர்குறிகளையும் சொல்லில் அடக்குவதால் அங்கு விடை சரியாக வரும்.

ஒரே ஆவணம், ஒரே தேடற்கோவை, மூன்று விடைகள். சொற்புழக்க எண்ணிக்கை தரும் ஆய்வேடுகள் எந்தக் கருவியில் எண்ணின என்பதைக் கூறாதபோது அவ்வெண்களை மறுசோதனை செய்ய வழியில்லை. இது மொழியியலாருக்கு மட்டும் உரிய நுணுக்கம் என ஒதுக்கத்தக்கதன்று. ‘பாடு என்னும் சொல் பதிவுகளில் அருகியே வருகிறது, ஆகவே அம்முறை தேய்ந்துவருகிறது’ என்று ஒருவர் முடிவு கட்டிவிடக்கூடும்.

தீர்வு உண்டு. சொல்லெல்லைக் குறியை நம்பாமல், தேடும் சொல்லின் முன்னும் பின்னும் ஒருங்குறித் தமிழ்ப் பகுதியைச் சார்ந்த எக்குறியும் வாராமை வேண்டும் என்று நிபந்தனையை வெளிப்படையாக எழுதலாம். பெரும்பாலான தேடற்கூறுகள் இதனை ஏற்கும். ஆயினும் தமிழின் உருபேற்பு இதனையும் கடந்து நிற்கிறது. பாடு உருபேற்கும்போது பாட்டு என இரட்டிக்கும். பாட்டில், பாட்டுக்கு, பாட்டை என வரும். இவை இசைப்பாட்டின் உருபேற்ற வடிவங்களோடு எழுத்தளவில் ஒன்றே. ‘பாட்டுக்குப் போனோம்’ என்னும் தொடர் ஏரியைக் குறித்ததா, கச்சேரியைக் குறித்ததா என்பதைச் சூழல்தான் சொல்லும். பாட்டு என்பதை வழக்காற்று வகை எனக் கொண்டு தானாகவே அடையாளமிடும் விதி, ஏரி உரிமை பற்றிய பேச்சை நாட்டுப்புறப் பாடல் என்று அட்டவணைப்படுத்திவிடும். இவ்விடத்தில் வடிவத்தேடல் செய்யத்தக்கது ஐயத்துக்குரிய இடங்களைத் திரட்டி ஆய்வாளர் முன் வைப்பது மட்டுமே.

ஔகாரமும் மீன்களும்

‘கௌரவம்’ என்பதைக் ககர எகரத்தோடு ளகரம் சேர்த்துக் ‘கெளரவம்’ எனத் தட்டச்சு செய்வது தமிழ்க் கணினி எழுத்தில் மிகப் பரவலான பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. இதனால் தேடலும் அகரவரிசையும் கெடும். ஆகவே எகரக்குறியும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரக்குறியாக்குக என்னும் விதி தூய்மையாக்கக் கோவைகளில் இடம்பெறுவது இயல்பே. இவ்விதியை ஒரு மீன்சந்தைப் பதிவில் இயக்கிப் பார்ப்பது பயனுடையது.

வெளவால் என எழுதப்பட்டிருந்த மீன் வௌவால் என்று திருந்தும். நன்று. அடுத்து வரும் கெளுத்தியும் கெளிறும் ஔகாரக்குறியின்மேல் மற்றோர் உயிர்க்குறி ஏறிச் சிதையும். வெள்ளம் என்பது ஔகாரத்தின்மேல் புள்ளி பெற்று எழுத்தே அல்லாத ஒன்றாகும். இதனைக் கண்ட ஆய்வாளர் விதியைச் செப்பனிடுவார்: ளகரத்தின்பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதபோது மட்டும் மாற்றுக. இப்போது கெளுத்தி பிழைத்தது. கெளிறு, வெளி, வெள்ளம் யாவும் பிழைத்தன. எழுத்துத் தமிழைப் பொறுத்தவரை விதி ஏறத்தாழ முழுமை பெற்றுவிட்டது. செய்தித்தாளிலும் பாடநூலிலும் சோதித்தவர் மனநிறைவோடு அதனை வெளியிடலாம்.

பேச்சுப் பதிவில் நிலை வேறு. சொன்முதல் இகரம், அடுத்த அசையில் அகரமோ ஆகாரமோ ஐகாரமோ வரும்போது எகரமாவது தமிழ்ப் பேச்சின் ஒழுங்கான ஒலிமாற்றம். விளக்கு வெளக்கு ஆகும். கிளம்பு கெளம்பு ஆகும். விளையாட்டு வெளயாட்டு ஆகும். இவை யாவற்றிலும் ளகரம் குறியின்றி நிற்கிறது. செப்பனிட்ட விதி இவற்றை வௌக்கு, கௌம்பு, வௌயாட்டு என்று மாற்றும். ‘விடிய கெளம்பணும்’ என்று ஒருவர் சொன்னது ‘விடிய கௌம்பணும்’ எனப் பதிவாகும். இதில் எழுத்து உடையவில்லை. திரையில் தோற்றமும் பெரிதாக மாறவில்லை. மெய்ப்பு பார்ப்பவர் கண் வழுக்கிச் செல்லும். வட்டார ஒலியியலை ஆராயும் பிற்காலத்தவர் ஒருவர், பழவேற்காட்டு மீனவர் பேச்சில் சொன்முதல் ஔகாரம் மிகுதி என்று வியக்க நேரும். எழுத்து நடையில் சோதிக்கப்பட்ட விதி பேச்சு நடையில் தீங்கு செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. ஔகாரச் சொற்கள் தமிழில் மிகக் குறைவு. கௌரவம், பௌர்ணமி, மௌனம், சௌகரியம், வௌவால் என்று ஒரு சிறு பட்டியலில் அடங்குவன. பொதுவிதியைக் கைவிட்டு அப்பட்டியலை மட்டும் கொண்டு மாற்றுவதே முறை.

இறால் என்பது எறா என ஒலிப்பதும் மேற்கூறிய அதே ஒலிமாற்றத்தின் விளைவே. எறா என்பதைப் பிழையெனக் கருதி இறால் என மாற்றுவோர், ஒரு ஒழுங்கைப் பிழையாகவும் தம் பள்ளிக்கூட எழுத்தை அளவுகோலாகவும் கொள்கின்றனர். இறாலே பழவேற்காட்டு ஏரியின் பொருளாதாரம். அச்சொல் பதிவுகளில் எவ்வாறெல்லாம் ஒலித்தது என்பதை அறிய நாளைக்கு வேறு சான்று எங்கே கிடைக்கும்?

தகர இரட்டையும் இவ்வாறே. எழுத்தில் ற்ற என்பது பேச்சில் த்த ஆகும். சுற்று, வற்று, நெற்றி ஆகியவை சுத்து, வத்து, நெத்தி எனப் பதிவாகியிருக்கும். இவற்றைத் திருப்பிப் பிடிக்க எழுதப்படும் பட்டியலில் நெத்தி என்பதற்கு நெற்றி என்று ஒரு வரி இருக்கும். நெத்திலி மீன் நெற்றிலி ஆகிவிடும். நகைப்புக்குரியதாயினும் இத்தகையவை எளிதில் அகப்படுவன. பத்து என்பதைப் பற்று ஆக்கினால் எண்ணே போய்விடும். முத்து முற்று ஆகும். சுத்துவலை இன்னும் நுட்பமானது. ஏரிப் பாட்டில் இறாலுக்காகக் கழிநட்டுக் கட்டும் வலைக்கு அங்கு வழங்கும் பெயர் அது. சுற்றுவலை எனத் திருத்தியவுடன், கடலில் மீன்கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் வலைகளின் பொதுப்பெயரோடு அது கலந்துவிடுகிறது. திருத்தம் இலக்கணப்படி சரி. பொருள்படி ஒரு கருவியை மற்றொரு கருவியாக்கிவிட்டது. ஏரிவலைக்கும் கடல்வலைக்கும் உள்ள வேறுபாடே அவ்வூர்களில் பல வழக்குகளுக்கு மூலம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

வடிவச் சீர்மை என்னும் பெயரில்

எழுத்தைத் தொடாமல் இடைவெளியையும் குறிகளையும் மட்டும் சீராக்குவது தீங்கற்றது என்னும் கருத்து பரவலாக உள்ளது. பெரும்பாலும் அது உண்மையே. 1613-ல், 1613-இல், 1613ல் என்னும் மூன்றையும் ஒரே வடிவில் கொணர்வதற்கு நான்கு இலக்கங்களையும் உருபையும் தனித்தனியே பிடித்து மீள அடுக்கும் விதி ஒன்று போதும். அதனைக் கையால் செய்வது வீண் உழைப்பு. நிறுத்தற்குறிக்கு முன்னுள்ள இடைவெளியை நீக்குவதும், மேற்கோள்குறிகளை ஒருபடித்தாக்குவதும் அவ்வாறே. இவற்றில் தயங்குவோர்மீது கட்டுரையாளருக்குப் பரிவு இல்லை.

ஆனால் வாய்மொழிப் பதிவில் புள்ளியும் வரியும்கூடத் தரவாகலாம். நேர்காணலை எழுத்தாக்குவோர் பேச்சின் இடைநிறுத்தத்தைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் காட்டுவதுண்டு. எத்தனை புள்ளி வந்தாலும் மூன்றாக்குக என்னும் விதி நீண்ட மௌனத்தையும் சிறு தயக்கத்தையும் சமப்படுத்திவிடும். ஒரே உயிர் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாக்குக என்னும் விதி, கூவி அழைக்கும் நீட்டத்தை அழிக்கும். எல்லாவற்றிலும் கொடியது, ஒன்றேபோல் வரும் வரிகளை நீக்கும் விதி. படியெடுத்து ஒட்டுவதால் நேரும் இரட்டிப்பைக் களைய இது பயன்படும். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடலிலோ ஏலேலோ என்னும் மறுமொழி வரிக்கு வரி திரும்ப வரும். அத்திரும்பல்தான் இழுப்பின் அளவு. விதி இயங்கியபின் பாடலில் தலைவன் வரிகள் எஞ்சும். கூட்டத்தின் குரல் ஒருமுறை மட்டும் கேட்கும்.

‘தமிழல்லாதவற்றை நீக்குக’ என்னும் விதியையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்கள் கொண்ட பகுதிக்கு வெளியே இருப்பன யாவற்றையும் அது களையும். எல்லை நிலப் பதிவில் தெலுங்கு எழுத்தில் குறிக்கப்பட்ட சொற்கள் முதலில் போகும். ஏரித்தீவுகளின் வாழ்வைச் ச.வெம். ரமேஷ் தெலுங்கில் ‘பிரளயகாவேரி கதலு’ என எழுதியபோது அம்மண்ணின் பேச்சே நூலின் உயிராயிற்று. அந்த மண்ணில் ஒரு மொழியை மட்டும் வடிகட்டி எடுப்பது என்ன சீர்மை என்று கேட்கத் தோன்றுகிறது. மற்றொன்றும் உண்டு. தமிழ்ப் பின்ன எண்களும் அளவைக் குறிகளும் 2019இல் வெளிவந்த ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் தமிழ்ப் பின்னிணைப்பு என்னும் தனிப் பகுதியில் 51 குறிகளாகச் சேர்க்கப்பட்டன. அப்பகுதி பழைய 128 இடங்களுக்கு வெளியே உள்ளது. தமிழைக் காக்க எழுதிய விதி தமிழ்ப் பின்னங்களையே நீக்கும். பழைய பங்குக் கணக்கு ஒன்றைப் படியெடுத்தவர் பங்குகளை இழந்து பெயர்களை மட்டும் வைத்திருப்பார்.

இழப்பற்றதும் இழப்புள்ளதும்

மேற்கண்டவற்றிலிருந்து மூவகைச் செயல்களைப் பிரித்தறியலாம். முதலாவது குறியேற்றச் சீர்மை. கொண்டல் என்பதிலுள்ள கொகரம் ஒரே ஒகரக்குறியால் அமைந்திருக்கலாம். எகரக்குறியும் கால்குறியும் சேர்ந்தும் அமைந்திருக்கலாம். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் சமமானவை என்றே அறிவித்துள்ளது. ஒன்றாக்குவதால் எதுவும் இழக்கப்படாது. இதனைச் செய்யாமல் தொடங்கும் எந்தத் தேடலும் பாதியில் நிற்கும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை டிஸ்கி குறியேற்றத்திலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டபோது நேர்ந்த மாற்றமும் இவ்வகையே. இதில் கருவியை முழுமையாக நம்பலாம். சுவையான செய்தி ஒன்று: 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை முதலிய எழுத்துகளின் உருவை மாற்றிற்று, ஒருங்குறியில் அவற்றுக்கு மாற்றமே தேவைப்படவில்லை. எழுத்துரு மாறினாலே போதும்.

இரண்டாவது வடிவச் சீர்மை. இது பெரும்பாலும் மீட்கத்தக்கது. வாய்மொழிப் பதிவில் மட்டும் கவனம் வேண்டும். மூன்றாவது சொல்லெழுத்துச் சீர்மை. இது மீட்க இயலாதது. எறாவை இறால் ஆக்கியபின், எந்த இறால் எறாவாக இருந்தது என்பதை எவ்விதியும் திருப்பித் தராது. ஒளிவழி எழுத்துணரியால் பெறப்பட்ட நூல்களைத் தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்ப்போர் இத்தகைய மாற்றக் கோவைகளைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். அங்கு அச்சுப்பக்கத்தின் படம் எப்போதும் அருகில் உள்ளது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரலாறு பதிவாகிறது. ஆகவே பிழை நேர்ந்தாலும் திரும்ப வழியுண்டு. தனியொருவரின் கணினியில் உள்ள களப்பதிவுக்கு அப்பாதுகாப்பு எதுவும் இல்லை. ஒலிநாடா அழிந்தபின் எழுத்தே மூலமாகிவிடுகிறது.

இதற்காக எதனையும் தொடலாகாது என்னும் மறுமுனைக்குச் செல்வதும் பொருத்தமன்று. நாற்பது நேர்காணல்களில் ஒரே வலையின் பெயர் எட்டு விதமாக எழுதப்பட்டிருந்தால் சொல்லடைவு அமைக்க இயலாது. சோழகம் என்றும் சோளகம் என்றும் எழுதப்பட்ட காற்றை ஓரிடத்தில் காண வாசகருக்கு உரிமை உண்டு. மூலவடிவையும் சீர்வடிவையும் அருகருகே வைப்பதே இதற்கு விடை. டி.இ.ஐ. எனப்படும் உரைக் குறியேற்ற நெறிமுறை இதற்கெனவே மூலத்துக்கு ஒன்றும் சீர்மைக்கு ஒன்றுமாக இரு கூறுகளை வைத்துள்ளது. அத்தனை ஏற்பாடும் இயலாதோர் ஒரு விரிதாளில் இரு நிரல்களை அமைத்தாலே போதும்: கேட்டபடி ஒன்று, தேடுவதற்கு ஒன்று. மாற்ற விதிகள் இரண்டாம் நிரலில் மட்டும் இயங்கட்டும்.

விதிகளின் பட்டியலையும் அவை இயங்கிய வரிசையையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தருதல் வேண்டும். வரிசை இன்றியமையாதது. நெத்திலியைக் காக்கும் விலக்கு, நெத்தியை மாற்றும் விதிக்கு முன் நிற்க வேண்டும். பின் நின்றால் காக்க எதுவும் இராது. புணர்ச்சி விதிகளைப் பொதுவிதி, சிறப்புவிதி, புறனடை என அடுக்கிக் கற்ற தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. ஒவ்வொரு விதியும் எத்தனை இடங்களைத் தொட்டது என்னும் எண்ணையும், தொடக்கூடாத சொற்கள் சிலவற்றை வைத்து அது சோதிக்கப்பட்டதா என்பதையும் சேர்த்தல் நலம். பழவேற்காட்டுப் பதிவுக்கு அச்சோதனைப் பட்டியல் கெளுத்தி, வெள்ளம், வெளக்கு, கெளம்பு, நெத்திலி, பத்து, கட்டுப்பாடுகள், பாட்டுக்கு, எறா என்று தொடங்கலாம். விதியை இயக்கியபின் இவற்றுள் ஒன்று மாறியிருந்தாலும் விதி திரும்ப எழுதப்பட வேண்டும். மதிப்பீட்டுக்கு வரும் ஆய்வேடுகளில் இப்பட்டியலை அந்தந்த வட்டாரத்துக்கேற்பக் கேட்டுப் பெறுவது நெறியாளருக்கும் புறத்தேர்வாளருக்கும் கூடுதலாக ஒரு பக்க வேலையே.